பென்னைன் வழி: டஃப்டனைத் தவிர்த்து, ஹை கப் நிக்கிலிருந்து நாக் ஃபெல்லுக்குக் குறுக்கே நடக்கலாமா?

வடக்குநோக்கி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதத்தில் நானும் என் நண்பர்கள் இருவரும் இங்கிலாந்தின் பென்னைன் வழியில் வடபாதியை நடப்பதாக இருக்கிறோம். ஈடேலில் தொடங்கி, ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டிக் கர்க் யெட்ஹோமில் முடியும் அந்த 431 கிலோமீட்டர் பாதையின் தென்பாதியை முன்பே முடித்துவிட்டதால், இம்முறை மிடில்டனில் நடையைத் தொடங்குவோம்.

அந்தப் பகுதியின் வரைபடத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு என் கேள்வி உடனே விளங்கிவிடும். டீஸ் ஆற்றை ஒட்டி லாங்டன் பெக் வரை வரும் பாதை, கால்ட்ரன் ஸ்நவுட் அருவியையும் காவ் கிரீன் அணையையும் கடந்த பிறகு வடக்கே திரும்பாமல், தென்மேற்காக, ஹை கப் என்னும் பள்ளத்தாக்கின் தலைவிளிம்பான ஹை கப் நிக் வரை சென்று, அங்கிருந்து ஈடன் சமவெளியின் ஓரத்திலுள்ள டஃப்டன் கிராமத்துக்கு இறங்கிவிடுகிறது. போய்ச் சேர வேண்டிய ஊரோ வடக்கே இருக்கிறது. ஒரு நாள் முழுக்க நடந்த பிறகு அந்த ஊரிலிருந்து இன்னும் விலகித்தான் நிற்கிறோம். மறுநாள் டஃப்டனிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் ஏறி நாக் ஃபெல்லைத் (ஃபெல் என்றால் மலை) தொட்டு, கிரேட் டன் ஃபெல், லிட்டில் டன் ஃபெல், கிராஸ் ஃபெல் ஆகிய சிகரங்களைக் கடந்து காரிகில் கிராமத்துக்கு இறங்க வேண்டும்.

ஹை கப் நிக் ஏறக்குறைய 590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாக் ஃபெல்லின் உச்சி 794 மீட்டர். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் 5 கிலோமீட்டருக்கும் குறைவாகவே வருகிறது. டஃப்டன் வழியாகச் சுற்றிப் போனால் சுமார் 14 கிலோமீட்டர். எனவே, நிக்கிலிருந்து வடமேற்காக மேட்டுநிலத்தின் குறுக்கே நடந்து நாக் ஃபெல்லில் மறுபடியும் பாதையைப் பிடித்துவிட்டால், லாங்டன் பெக்கிலிருந்து காரிகில் வரை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். மொத்தம் 37 கிலோமீட்டர் அளவுக்கு வருகிறது. ஜூனில் பகல்வெளிச்சம் ஏறக்குறைய 17 மணிநேரம் கிடைக்கும். நண்பர் ஒருவருக்கு இறக்கங்களில் முழங்கால் வலி எடுப்பதால், தேவையற்ற ஓர் இறக்கத்தையும் ஏற்றத்தையும் தவிர்க்கலாம் என்பதும் ஒரு காரணம்.

எங்களிடம் 1:25,000 அளவுள்ள ஆர்டனன்ஸ் சர்வே வரைபடமும், காம்பஸும், கைப்பேசியில் ஜிபிஎஸ்ஸும் இருக்கும். இதுவரை அடையாளமிட்ட பாதைகளிலேயே நடந்து பழகியவர்கள் நாங்கள். இந்தக் குறுக்குவழியில் நிலம் எப்படி இருக்கும், உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கும், பாதையில்லாத இடத்தில் நடக்கச் சட்டப்படி உரிமை உண்டா, மூடுபனி இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பவற்றை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

---

மேட்டுநிலத்தான் எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் அளவுகள் சரியாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றிலிருந்து நீங்கள் எடுத்திருக்கும் முடிவை நான் ஏற்கவில்லை. ஏனென்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நிலத்தைப் பற்றி. நிக்கிலிருந்து நீங்கள் வரைந்திருக்கும் கோடு டஃப்டன் ஃபெல் எனப்படும் பெரிய மேட்டுச் சதுப்பின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போகிறது. மழைநீரை மட்டுமே உண்டு வளரும் ஸ்பாக்னம் பாசியும் பருத்திப்புல்லும் மக்கி மக்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையின்மேல் போர்த்தியதுபோல் படிந்த கறுத்த மண்ணைத்தான் பீட் என்கிறார்கள். அது மேடு பள்ளம் பாராமல் மென்சரிவுகளையும் மூடிவிடுவதால், தூரத்திலிருந்து பார்க்கும்போது நிலம் ஒரே சீராகத் தெரியும். கிட்டப் போனால்தான், ஓடும் நீர் அந்தப் பீட்டை அடிவரைக்கும் அறுத்துக் கிளைகிளையாக வாய்க்கால்களை உண்டாக்கியிருப்பது புலப்படும். சில இடங்களில் அந்த வாய்க்கால்கள் ஆளுயரத்துக்கும் மேல் ஆழமானவை. அவற்றுக்குள் இறங்கும்போது கரைவிளிம்பு காலோடு பெயர்ந்து வரும். அடியில் கால் வைத்தால் ஓரிடத்தில் கூழாங்கல் தட்டும், அடுத்த அடியிலேயே கறுப்புச் சேறு கெண்டைக்கால் வரை விழுங்கும். எதிர்க்கரையில் பிடித்து ஏறுவதற்கு ஹெதர் செடியின் வேர்களைத் தவிர வேறொன்றும் இருக்காது. ஏறி மூச்சு வாங்கி நிமிர்ந்தால், பத்துப் பதினைந்து அடிக்கு அப்பால் அடுத்த வாய்க்கால் காத்திருக்கும்.

வரைபடம் இதை ஏன் காட்டவில்லை என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். 1:25,000 வரைபடத்தின் சமவுயரக் கோடுகள், இத்தகைய மலைப்பகுதிகளில் 10 மீட்டர் இடைவெளியில் வரையப்படுபவை. இரண்டு மூன்று மீட்டர் ஆழமுள்ள வாய்க்கால் அந்த இடைவெளிக்குள் முழுவதுமாக ஒளிந்துகொள்ளும். ஆகவே, வரைபடத்தோடு நின்றுவிடாமல் அதே இடத்தின் வான்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறுத்த நரம்புகளைப் போலக் கிளைவிட்டுத் தெரிபவை அறுபட்ட பீட் வாய்க்கால்கள். பழுப்பு நிறத் திட்டுகள் ஹெதர். வெளிறிய வைக்கோல் நிறம் பருத்திப்புல். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணைப் பறிக்கும் இளம்பச்சையாகத் தெரியும் இடம் நல்ல புல்தரையென்று எண்ணிவிடாதீர்கள். சதுப்புக்கு நடுவே அது பெரும்பாலும் நீரின்மேல் மிதக்கும் பாசி.

நாக் ஃபெல்லை நெருங்கும்போது நிலைமை மாறும். அங்கே சுண்ணாம்புக்கல் மேலெழுந்து வருவதால், குட்டையான உறுதியான புல்தரை கிடைக்கும். அதே சுண்ணாம்புக்கல்லில் புனல் வடிவக் குழிகளும் உண்டென்பதால், புகைமூட்டமான வேளையில் கால் முன்னால் போகும் இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும். கடினமான பகுதி முதல் பாதிதான்.

இனி நேரத்தைப் பார்ப்போம். 1892இல் நைஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த கணக்குப்படி, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணிநேரமும், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணிநேரமும் வைக்க வேண்டும். டஃப்டன் வழியாக 14 கிலோமீட்டரும் 600 மீட்டருக்குச் சற்றே மேற்பட்ட ஏற்றமும் இருப்பதால், நான்கு மணிநேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். குறுக்குவழியில் வளைவு நெளிவுகளைச் சேர்த்து 6 கிலோமீட்டரும் 250 மீட்டர் அளவு ஏற்றமும் இருப்பதால், அதே கணக்கு ஒன்றரை மணிநேரத்தைச் சற்றே தாண்டும். உங்களை மயக்கியிருப்பது இந்த எண்தான். நைஸ்மித்தின் கணக்கு உறுதியான தரைக்குரியது. பாதையில்லாத பீட்டில் தூரத்துக்கான நேரத்தை இரட்டிப்பாக்குவதே நியாயம். மழைக்குப் பிறகென்றால் மணிக்கு 2 கிலோமீட்டர் நடந்தாலே நல்ல வேகம். அப்படிப் பார்த்தால் மூன்று மணிநேரமோ அதற்கு மேலோ ஆகும். எட்டுக் கிலோமீட்டர் குறைந்தும், மிச்சப்படுவது மிஞ்சினால் ஒரு மணிநேரம்.

முழங்கால் வலி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிக்கிலிருந்து டஃப்டனுக்கு இறங்கும் வழி நெடியதே தவிரச் செங்குத்தானது அன்று. புல்லும் வண்டித்தடமுமாகச் சீராகவே இறங்கும். முழங்காலைச் சோதிக்கும் இறக்கம், கிராஸ் ஃபெல்லிலிருந்து காரிகில்லுக்குப் போகும் பழைய சுரங்கத் தடம். மணிக்கணக்கில் உடைந்த கற்களின்மேலேயே நடக்க வேண்டியிருக்கும். உங்கள் திட்டப்படி எளிய இறக்கத்தைத் தவிர்த்துவிட்டு, கடிய இறக்கத்தை 26, 27 கிலோமீட்டர் நடந்து களைத்த பிறகு சந்திக்கிறீர்கள். பீட் வாய்க்கால்களில் ஏறி இறங்குவதும் முழங்காலுக்கு இதமானதன்று.

ஆகவே, ஒரே நாளில் காரிகில் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். குறுக்குவழிதான் வேண்டுமென்றால், கிராஸ் ஃபெல்லின் வடசரிவில் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிரெக்ஸ் ஹட்டில் இரவு தங்கும்படி திட்டமிடுங்கள். பழைய ஈயச் சுரங்கத் தொழிலாளர்களின் கட்டடமாக இருந்து, இப்போது நடப்பவர்களுக்காகத் திறந்து வைக்கப்பட்டிருக்கும் கல்வீடு அது. முன்பதிவு கிடையாது, படுக்கை விரிப்பும் கிடையாது. உணவையும் தூங்கும் பையையும் நீங்களே சுமக்க வேண்டும். லாங்டன் பெக்கிலிருந்து அதுவரை 26, 27 கிலோமீட்டர் இருக்கும். மூவரும் நடக்கக்கூடிய தூரம் அது.

---

விதைநெல் எழுதியது:

சட்டத்தைப் பற்றி மட்டும் என் பங்குக்குச் சொல்கிறேன். நிலத்தைப் பற்றி மேலே உள்ளவர் சொன்னதில் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை.

2000ஆம் ஆண்டின் நாட்டுப்புறமும் வழியுரிமைகளும் பற்றிய சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அணுகுநிலமாக அறிவிக்கப்பட்ட மலை, மேட்டுநிலம், ஹெதர்க்காடு ஆகியவற்றில் பாதையை விட்டு விலகிக் காலால் நடக்கும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. அத்தகைய நிலம் எக்ஸ்ப்ளோரர் எனப்படும் உங்கள் 1:25,000 வரைபடங்களில் வெளிர்மஞ்சள் பூச்சோடு காட்டப்பட்டிருக்கும். உங்கள் கோடு முழுவதும் அந்தப் பூச்சுக்குள் விழுகிறதா என்பதை நீங்களே விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைப் புள்ளிக்கோடு பொதுவழி உரிமையைக் குறிக்கிறதே ஒழிய, தரையில் தடம் தெரியும் என்று உறுதியளிக்கவில்லை. கறுப்புப் புள்ளிக்கோடு தரையில் தடம் உண்டென்று சொல்கிறதே ஒழிய, உரிமையைச் சொல்லவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

அந்த உரிமைக்கு வரம்புகளும் உண்டு. நில உரிமையாளர் ஆண்டுக்கு 28 நாள்கள் வரை தம் விருப்பப்படி நுழைவைக் கட்டுப்படுத்தலாம். கடும் வறட்சியில் தீ அபாயம் காரணமாகவும் மூடப்படலாம். நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பின் இணையதளத்தில் அந்தந்த நாளின் கட்டுப்பாடுகள் வெளியிடப்படுவதால், புறப்படும் முன்பு பார்த்துவிடுவது நல்லது. நாயை அழைத்துச் செல்வதாக இருந்தால், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அணுகுநிலத்தில் அதை 2 மீட்டருக்கு மிகாத வாரில் கட்டியே வைத்திருக்க வேண்டும். கோல்டன் பிளவர், கர்லூ போன்ற தரையில் கூடுகட்டும் பறவைகள் ஜூனில் குஞ்சுகளோடு இருக்கும். ஒரு பறவை உங்களைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தினால், கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள்; நின்று படமெடுக்காமல் வந்த திசையிலேயே சற்று விலகி நடந்துவிடுங்கள். மூவரும் வரிசையாக ஒருவர்பின் ஒருவராக நடப்பதா, பரவி நடப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பாசி மெத்தென்றிருக்கும் இடத்தில் பரவி நடந்தால் தடம் விழாது என்பதால், நான் பரவி நடப்பதையே ஆதரிக்கிறேன்.

நடக்கும் உரிமையில் கூடாரம் அடிக்கும் உரிமை அடங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். உயரமான இடத்தில் மாலை மங்கிய பிறகு அடித்து, விடிந்ததும் கலைத்துவிடுகிறவர்களைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. என்றாலும் அது பொறுத்துக்கொள்ளப்படும் வழக்கமே தவிர உரிமையன்று.

கடைசியாக, இது மிக முக்கியம். ஹை கப்பின் தெற்குப் பக்கம் வார்கப் இராணுவப் பயிற்சிப் பகுதியை ஒட்டியிருக்கிறது. நீங்கள் போக நினைப்பது வடக்கே என்பதால் சிக்கல் இல்லை. ஆனால் மூடுபனியில் திசை தவறி எச்சரிக்கைப் பலகை எதையாவது கண்டால், அதைத் தாண்டி ஓரடியும் வைக்காதீர்கள். வெடிக்காத குண்டுகள் கிடக்கக்கூடிய நிலம் அது.

---

வடக்குநோக்கி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேரக் கணக்கை இப்படிப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரே நாளில் காரிகில் என்பதை விட்டுவிட்டோம். கிரெக்ஸ் ஹட்டில் தங்குவது பற்றி நண்பர்களிடம் பேசியிருக்கிறேன், அவர்களும் உடன்படுகிறார்கள்.

வான்படத்தைப் பார்த்தேன். நேர்கோட்டின் முதல் பாதியில் கறுப்பு நரம்புகள் உண்மையிலேயே நெருக்கமாக இருக்கின்றன. அதைவிட மேற்கே, சரிவின் விளிம்பை ஒட்டி நடந்தால் நிலம் மேலாக இருக்குமா? அங்கே மூடுபனியில் திசை பிடிப்பது எப்படி?

---

நீர்பிரிமேடு எழுதியது:

நீங்கள் கேட்ட இரண்டாம் கேள்வியிலேயே முதல் கேள்விக்கான விடையும் இருக்கிறது. விளிம்பை ஒட்டிப் போவதுதான் சரி. நிலம் மேலானது என்பதற்காக மட்டுமன்று, கண் தெரியாவிட்டாலும் வழி தெரியும் என்பதற்காகவும்தான்.

அந்த மலைத்தொடரின் மேற்குப்புறம் ஈடன் சமவெளியை நோக்கிச் சடாரென்று இறங்குகிறது. கிழக்குப்புறமோ டீஸ் ஆற்றை நோக்கி மெல்ல மெல்லத் தாழ்கிறது. மழைநீர் மேற்கே விழுந்தால் ஈடன் வழியாக ஐரிஷ் கடலுக்கும், கிழக்கே விழுந்தால் மேஸ் பெக், டீஸ் வழியாக வடகடலுக்கும் போகும். சதுப்பு பெரிதாகத் தேங்கியிருப்பது மெல்லத் தாழும் கிழக்குப்புறத்தில். மேற்கு விளிம்பில் நீர் விரைவாக வடிந்துவிடுவதால் பீட் மெலிந்தும், ஆங்காங்கே பாறை தெரிந்தும், நடப்பதற்கு ஓரளவு உறுதியாகவும் இருக்கும். சேறே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே நிக்கிலிருந்து நாக் ஃபெல்லை நோக்கி ஒரே கோடாகப் போகாமல், இரண்டு துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் துண்டு, நிக்கிலிருந்து வடமேற்கே 699 மீட்டர் உயரமுள்ள பேக்ஸ்டோன் எட்ஜ் வரை. நேராக அளந்தால் இரண்டரைக் கிலோமீட்டர். இதில் ஏற்றம் தொடர்ந்து இருப்பதால், கால் இறங்கத் தொடங்கினாலே ஏதோ பிசகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டாம் துண்டு, அங்கிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே நாக் ஃபெல் வரை. இதுவும் மூன்று கிலோமீட்டருக்குள்தான். இடையில் கிரேட் ரன்டேல் டார்ன் என்னும் சிறு குளம் வரும். அந்தக் குளத்துக்கு மேற்கே கிரேட் ரன்டேல் பள்ளத்தின் தலை இருப்பதால், பள்ளத்துக்குள் இறங்கிவிடாமல் அதன் தலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இந்த நடை முழுவதற்கும் ஒரே விதி போதும்: நிலம் எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்கினால் நீங்கள் கிழக்கே சரிந்து சதுப்புக்குள் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அப்போது காம்பஸை நம்பி மேற்கே திரும்புங்கள். கால் சொல்வதைக் கேட்காதீர்கள். பீட் வாய்க்கால்களைச் சுற்றிச் சுற்றிப் போகும்போது, ஒவ்வொரு முறையும் எளிய பக்கமாகவே விலகுவது மனித இயல்பு என்பதால், அந்தச் சிறு விலகல்கள் ஒரே திசையில் சேர்ந்து சில நூறு மீட்டராகிவிடும். ஒரு வாய்க்காலை இடப்பக்கம் சுற்றினால் அடுத்ததை வலப்பக்கம் சுற்றுவது பழைய உத்தி. அது இன்றும் பலிக்கிறது.

நாக் ஃபெல்லின் உச்சி அகன்று தட்டையாக இருப்பதால், மூடுபனியில் எது உச்சி என்று தெரியாமல் திகைக்க நேரும். உச்சிக்குத் தென்மேற்கே சற்றுக் கீழே நாக் ஓல்ட் மேன் என்னும் பெரிய கற்குவியல் நிற்கிறது. டஃப்டனிலிருந்து ஏறிவரும் பென்னைன் வழி அதை ஒட்டித்தான் போகிறது. எனவே உச்சியைச் சரியாகக் குறிவைப்பதைவிட, வேண்டுமென்றே சற்று மேற்கே குறிவைத்து நடந்து, ஏறிவரும் பாதையை வெட்டுவது பாதுகாப்பானது. பாதையைக் கண்டதும் வலப்பக்கம் திரும்பினால் போதும். உச்சியையே குறிவைத்துத் தவறினால், பாதை இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்பதே தெரியாது.

பாதையைப் பிடித்த பிறகு, நாக் ஃபெல்லுக்கும் கிரேட் டன் ஃபெல்லுக்கும் இடையே ஒரு தார்ச்சாலை குறுக்கிடும். 848 மீட்டர் உயரத்தில் கிரேட் டன் ஃபெல்லின் உச்சியில் இருக்கும் விமானப் போக்குவரத்து ராடார் நிலையத்துக்காகப் போடப்பட்ட சாலை அது. பொது வாகனங்களுக்கு அனுமதியில்லை. நடந்து இறங்கத் தடையில்லை. வானிலை கைமீறிப் போனால் அதுவே நாக் கிராமத்துக்கு இறங்குவதற்கான வழி. அதற்கு முன்னால், குளத்தருகிலேயே திரும்ப நேர்ந்தால், கிரேட் ரன்டேல் வழியாகப் பழைய சுரங்கத் தடம் டஃப்டனுக்கு இறங்குகிறது. இரண்டையும் வரைபடத்தில் இப்போதே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

மூடுபனியைப் பற்றி நீங்கள் 'இறங்கிவிட்டால்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சிகரங்களில் ஆண்டின் பாதிக்கும் மேற்பட்ட நாள்களில் ஏதாவது ஒரு வேளையில் மேகம் படிந்திருக்கும் என்பதால், அதை விதிவிலக்காக எண்ணாமல் வழக்கமாக எண்ணித் திட்டமிட வேண்டும். பக்கத்திலுள்ள மூர் ஹவுஸில் ஆண்டு மழையளவு சுமார் 2,000 மில்லிமீட்டர். வடகிழக்குக் காற்று வீசும்போது இன்னொரு விந்தையும் நிகழும்: ஹெல்ம் என்று பெயரிட்டு அழைக்கப்படும் காற்று மலையுச்சியைத் தாண்டி ஈடன் பக்கச் சரிவில் உருண்டு இறங்கும், பிரிட்டனில் தனிப்பெயர் பெற்ற காற்று இது ஒன்றே. 1930களின் இறுதியில் கோர்டன் மேன்லி என்னும் வானிலை அறிஞர் கிரேட் டன் ஃபெல்லில் ஒரு குடிசை அமைத்து, அந்தக் காற்றை அளந்து ஆராய்ந்தார். அந்த நாள்களில் தொப்பி வைத்தாற்போல் மேகம் உச்சிகளின்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கீழே சமவெளியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒன்றும் தெரியாது. டீஸ் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நிக்கை அடையும் வரை அந்த அமைப்பு முழுதாகக் கண்ணில் படாது என்பதால், முதல்நாள் மாலையே காற்றின் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியைப் பற்றி ஒரு வார்த்தை. மழையில் தொடுதிரை விரலுக்குப் பணியாது. குளிரில் மின்கலம் வேகமாக இறங்கும். வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்து, இருக்குமிடத்தை உறுதிசெய்வதற்கு மட்டும் எடுத்துப் பாருங்கள். வழிநடத்துவது காம்பஸாக இருக்கட்டும். பிரிட்டனில் காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்குமான வேறுபாடு இப்போது மிகச் சிறியது என்பதால், இந்த நடைக்குத் திருத்தம் தேவைப்படாது. ஆபத்தென்றால் 999 எண்ணை அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, அவர்களிடம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். குரலழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம்; அதற்கு முன்பே 999க்குச் செய்தி அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். ஊதலென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி.

---

ஆறுவழி எழுதியது:

எல்லோரும் எப்படிப் போவது என்று சொல்லிவிட்டீர்கள். போகத்தான் வேண்டுமா என்று கேட்பதற்கும் ஓர் ஆள் வேண்டாமா?

நிக்கின் விளிம்பில் நின்று பார்க்கும்போது, பனிப்பாறை தோண்டிய பள்ளத்தாக்கு காலடியில் திறந்து, இருபுறமும் வின் சில் எனப்படும் கறுத்த டோலரைட் பாறை மதில்போல் வளைந்து போகும் காட்சி, பென்னைன் வழி முழுவதிலும் இணையற்றது என்பது என் எண்ணம். பாதை அந்தப் பள்ளத்தாக்கின் வடவிளிம்பை ஒட்டியே டஃப்டனுக்கு இறங்குவதால், ஒரு மணிநேரத்துக்குக் குறையாமல் அந்தக் காட்சி உங்களோடு வரும். குறுக்கே திரும்பினால் நிக்கிலேயே அதற்கு முதுகைக் காட்டிவிடுகிறீர்கள். சுற்றுவழி என்று நீங்கள் குறை சொல்லும் அந்த வளைவே, 1965இல் பாதையைத் திறந்தவர்கள் நடப்பவர்களுக்குக் கொடுத்த பரிசு என்று நினைக்கிறேன். டஃப்டனில் கூரையும் சூடான உணவும் கிடைக்கும். ஈரக் காலுறை உலரும். முழங்கால் நோகும் நண்பருக்கு, கிரெக்ஸ் ஹட்டின் பலகையில் படுப்பதைவிட அது மேல் அல்லவா?

என்றாலும், தடமில்லாத நிலத்தில் திசைபிடித்து நடப்பதில் தனி இன்பம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். அதை நேரம் மிச்சம் பிடிப்பதற்காகச் செய்யாதீர்கள் என்பது மட்டுமே என் வாதம். நிக்கில் முடிவெடுங்கள். பிற்பகல் ஒரு மணிக்குள் அங்கே சேர்ந்து, பேக்ஸ்டோன் எட்ஜ் தெளிவாகத் தெரிந்து, முந்தைய இரண்டு நாள்களில் பெருமழை இல்லாமல் இருந்தால் குறுக்கே போங்கள். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் டஃப்டன்.

---

வடக்குநோக்கி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. டஃப்டனில் அன்றிரவுக்கு ரத்து செய்யக்கூடிய முன்பதிவு ஒன்றைச் செய்துவிட்டோம். முந்தைய நாள் மாலை வரை கட்டணமின்றி விலக்கிக்கொள்ளலாம் என்பதால், லாங்டன் பெக்கிலேயே வானிலையைப் பார்த்துப் பாதி முடிவை எடுத்துவிட முடியும். மீதி முடிவு, மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளின்படி நிக்கில். விளிம்புவழியை இரண்டு துண்டுகளாக வரைந்து, நாக் ஓல்ட் மேனுக்குச் சற்று மேற்கே குறிவைத்துத் திசைக்கோணங்களை எழுதி வைத்திருக்கிறேன்; இரண்டு திரும்பும் வழிகளையும் குறித்தாயிற்று.

இன்னும் ஒரே ஓர் ஐயம் இருக்கிறது. கிரெக்ஸ் ஹட்டில் தங்குவதாக இருந்தால், குடிநீரைக் கீழிருந்தே சுமந்து போக வேண்டுமா, அல்லது அருகிலுள்ள ஓடைநீரைப் பயன்படுத்தலாமா?

---

மேட்டுநிலத்தான் எழுதியது:

பீட்டிலிருந்து வடியும் நீர் தேநீர் நிறத்தில் இருப்பது இயல்பு. அந்த நிறத்தால் தீங்கில்லை. ஆனால் சுற்றிலும் ஆடுகள் மேய்கின்றன என்பதோடு, அது பழைய ஈயச் சுரங்கங்கள் நிறைந்த சரிவு. வடிகட்டியும் கொதிநீரும் கிருமியைத்தான் நீக்கும்; கரைந்த ஈயத்தை நீக்கா. எனவே சுரங்கக் கழிவுக் குவியல்களுக்குக் கீழே ஓடும் நீரைத் தொடாமல், அவற்றுக்கு மேலே, ஓடும் இடத்தில் எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். நிக்கைத் தாண்டியபின் விளிம்பில் நல்ல நீர் கிடைப்பது அரிது என்பதால், நிக்கை அடையும் முன்பே ஆளுக்கு இரண்டு லிட்டராவது நிரப்பிக்கொள்ளுங்கள்.